ஆம்ப்ஸ் ஒரு முள், வோல்ட் ஒரு முள்: இந்தியத் தந்தி லைனில் தொடங்கிய அயர்டனின் கதை

அலங்காநல்லூர் என்றதும் வாடிவாசல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாளில் இருந்து ஊரின் பேச்சு நெல், கரும்பு, தண்ணீர் என்று மாறிவிடும். பெரியாறு - வைகைப் பாசன வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில் கிணற்றையும் போர்வெல்லையும்தான் நம்ப வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும்.

அந்த வயல்களில் இருக்கும் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டார்ட்டர் போர்டில் பெரும்பாலும் இரண்டு வட்ட மீட்டர்கள் இருக்கும். ஒன்று வோல்ட் காட்டும். இன்னொன்று ஆம்ப்ஸ் காட்டும். அனுபவப்பட்ட விவசாயி முதலில் வோல்ட் முள்ளைப் பார்ப்பார், பிறகுதான் பச்சை பட்டனை அழுத்துவார். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அவர் கண் ஆம்ப்ஸ் முள்ளுக்குப் போய்விடும். தமிழகத்தில் விவசாய மின்சாரம் இலவசம். எனவே அந்த மீட்டர்கள் பில்லுக்காக அல்ல, மோட்டாரைக் காப்பாற்றுவதற்காக.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே சைஸ், ஒரே கண்ணாடி, ஒரே மாதிரி முள். ஆனால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டினால் ஒன்று மோட்டார் ஓடாது, இல்லாவிட்டால் பியூஸ் வெடிக்கும். ஏன் அப்படி? இந்தக் கேள்விக்கான பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. அவர் பெயர் வில்லியம் எட்வர்ட் அயர்டன். பிறந்தது லண்டனில். மின்சாரத்தை அளக்கும் வேலையைக் களத்தில் கற்றுக்கொண்டது இந்தியாவில்.

யார் இந்த அயர்டன்?

1847 செப்டம்பர் 14-ல் லண்டனில் பிறந்தவர் அயர்டன். அப்பா வழக்கறிஞர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்தவர், இந்தியத் தந்தித் துறையில் வேலைக்குத் தேர்வானார். அங்கே அனுப்புவதற்கு முன் அவரை கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சனிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் லார்டு கெல்வின் என்று உலகமே அறிந்த அதே தாம்சன்தான். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட தந்தி கேபிளில் வரும் மிக மெல்லிய மின்னோட்டத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கியவர் அவர்.

1868-ல் அயர்டன் இந்தியா வந்தபோது வயது சுமார் 21. அப்போது இந்தியாவில் மின்விளக்கு கிடையாது, மோட்டார் கிடையாது. மின்சாரம் என்றாலே தந்திதான். காடு, ஆறு, மலை தாண்டிப் போகும் கம்பிகள். மழையில் இன்சுலேட்டர் நனைந்து மின்சாரம் கசியும், மரம் சாயும், கம்பி அறுந்துபோகும். இரண்டு ஊர்களுக்கு நடுவே நூறு மைல் லைனில் எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால், ஆள் நடந்தே போய்த் தேட வேண்டும்.

நடக்காமலே கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

இந்தியத் தந்தித் துறையில் ஷ்வெண்ட்லர் என்ற மின் பொறியாளரோடு சேர்ந்து அயர்டன் செய்த வேலை இதுதான்: தந்தி அலுவலகத்தில் இருந்தபடியே அளந்து பார்த்து, கோளாறு எத்தனையாவது மைலில் என்று சொல்லும் முறையைச் செம்மைப்படுத்தியது.

இந்த வகைச் சோதனையின் அடிப்படை, பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரும் ஓம் விதிதான். ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்டது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். கம்பி நீளமானால் தடையும் அதே விகிதத்தில் கூடும். அப்படியென்றால் தடையை அளந்தாலே தூரம் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். 100 மைல் லைன், மைலுக்கு 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 ஓம். நடுவில் ஓரிடத்தில் மின்சாரம் தரைக்குக் கசிகிறது. இந்த முனையில் இருந்து அளந்தால் 400 ஓம். அந்த முனையில் இருந்து அளந்தால் 800 ஓம். இரண்டையும் கூட்டினால் 1,200 வருகிறது. ஆனால் லைனே 1,000 ஓம்தான். கூடுதலாக வந்த 200, கசியும் இடத்தின் தடை இரண்டு முறை எண்ணப்பட்டதால் வந்தது. அதாவது கசிவின் தடை 100 ஓம். 400-ல் அந்த 100-ஐக் கழித்தால் 300 ஓம். ஆக, கோளாறு 30-வது மைலில். ஆளை நேராக அங்கே அனுப்பினால் போதும்.

இந்த வேலை அயர்டனுக்கு ஒரு பாடத்தையும் கொடுத்தது. அளக்கும் கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை எங்கே, எப்படி இணைக்கிறோம் என்பதும் சரியாக இருக்க வேண்டும். கருவியே சர்க்யூட்டில் ஒரு பாகமாகிவிடும். அது கொண்டுவரும் தடை, அளக்க வந்த விஷயத்தையே மாற்றிவிடும்.

டோக்கியோவில் ஒரு கூட்டாளி

1870-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பிய அயர்டன், மாட்டில்டா சாப்ளினைத் திருமணம் செய்தார். பிரிட்டனில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்ட காலத்தில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் போராடிச் சேர்ந்த ஏழு பெண்களில் ஒருவர் மாட்டில்டா. அங்கே பட்டம் கிடைக்கவில்லை. பாரிஸ் போய் மருத்துவரானார்.

1873-ல் ஜப்பான் அரசு புதிதாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார் அயர்டன். டோக்கியோவில் அவர் அமைத்த ஆய்வகத்தில் மாணவர்கள் புத்தகத்தை மட்டும் படிக்கவில்லை. கருவிகளைக் கையால் தொட்டு, அளந்து கற்றார்கள். 1878 மார்ச் 25 அன்று டோக்கியோவில் நடந்த ஒரு விருந்தில் அவரும் மாணவர்களும் ஆர்க் விளக்கை எரிய வைத்தார்கள். ஜப்பானில் இன்றும் மார்ச் 25 மின்சார நாளாக நினைவுகூரப்படுகிறது.

அதே கல்லூரிக்கு 1875-ல் வந்தவர் ஜான் பெர்ரி. அயர்லாந்துக்காரர், கணிதத்தில் கெட்டிக்காரர். அன்று சேர்ந்த ஜோடி அடுத்த பல வருடங்களுக்குப் பிரியவில்லை. அயர்டன் - பெர்ரி என்று இரட்டைப் பெயரில்தான் கட்டுரைகளும் கருவிகளும் வெளிவந்தன.

அம்மீட்டர் வருவதற்கு முன்பு...

லண்டன் திரும்பிய பிறகு, 1880-களின் தொடக்கத்தில் இருவரும் கையில் எடுத்த பிரச்சினை, மின்சாரத்தை ஆய்வகத்துக்கு வெளியே எப்படி அளப்பது என்பது.

அதுவரை மின்னோட்டத்தை அளக்க இருந்தது கால்வனோமீட்டர். அதில் ஒரு வகையில், கம்பிச்சுருளின் நடுவில் காந்த ஊசி இருக்கும். கருவியை வடக்கு - தெற்காகத் திருப்பி வைக்க வேண்டும், ஏனென்றால் பூமியின் காந்தப்புலத்தை வைத்துத்தான் கணக்கு. ஊசி எத்தனை டிகிரி திரும்பியது என்று பார்த்து, டேன்ஜென்ட் அட்டவணையில் தேடி, பெருக்கிப் பார்த்தால்தான் விடை. பேராசிரியருக்கு இது சரி. ஆனால், பெரிய டைனமோ ஓடும் அறையில் வேலை செய்யும் தொழிலாளி என்ன செய்வார்? டைனமோவின் காந்தமே ஊசியை இழுத்துவிடும். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் விளக்கு பியூஸ் போய்விடும்.

அயர்டனும் பெர்ரியும் கருவிக்குள்ளேயே வலுவான நிரந்தரக் காந்தத்தை வைத்தார்கள். பூமியின் காந்தப்புலமோ, பக்கத்தில் இருக்கும் இரும்போ அதை எளிதில் பாதிக்காது. முள் நகரும் தூரம் மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும்படி வடிவமைத்தார்கள். டயலில் நேராக எண்ணைப் படித்தால் போதும், அட்டவணை வேண்டாம். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின் மாநாட்டில்தான் மின்னோட்டத்தின் அலகுக்கு ஆம்பியர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. அதை ஒட்டி இவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர்தான் அம்மீட்டர். கூடவே வோல்ட்மீட்டரும் வந்தது. 1881-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்வானார் அயர்டன்.

ஒரே முள், இரண்டு வேலை

இங்கேதான் மோட்டார் ரூம் கேள்விக்கான பதில் இருக்கிறது. முள் வைத்த அம்மீட்டருக்கும் வோல்ட்மீட்டருக்கும் உள்ளே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டிலும் முள்ளை நகர்த்துவது சுருள் வழியாகப் போகும் மின்னோட்டம். வித்தியாசம், அந்தச் சுருளோடு சேர்க்கும் தடையிலும் கருவியை மாட்டும் இடத்திலும்தான்.

மின்னோட்டம் என்பது கம்பி வழியாக ஒரு நொடிக்கு எவ்வளவு மின்சாரம் கடந்து போகிறது என்பது. வாசலில் நின்று போகிறவர்களை எண்ணுவது போல. எண்ண வேண்டும் என்றால் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அம்மீட்டர் பாதையின் நடுவிலேயே நிற்கும். கம்பியை வெட்டி, வெட்டிய இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்ட வேண்டும். இதுதான் தொடர் இணைப்பு. நடுவில் நிற்பவர் வழியை மறிக்கக் கூடாது இல்லையா? அதனால் அம்மீட்டரின் தடை மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

மின்னழுத்தம் அப்படி இல்லை. அது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம். மேல் தொட்டிக்கும் கீழ்க் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம் மாதிரி. அதை அளக்கப் பாதையை வெட்ட வேண்டியதில்லை. வெளியே நின்று இரண்டு புள்ளிகளையும் தொட்டால் போதும். இதுதான் பக்க இணைப்பு. வெளியே நிற்பவர் பாதையில் போகும் மின்சாரத்தைத் தன் பக்கம் இழுத்துவிடக் கூடாது. அதனால் வோல்ட்மீட்டரின் தடை மிக அதிகமாக இருக்க வேண்டும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கால்வனோமீட்டரின் தடை 100 ஓம். 1 மில்லி ஆம்பியர் போனால் முள் கடைசிக் கோட்டைத் தொடும். இதை 1 ஆம்பியர் வரை அளக்கும் அம்மீட்டராக மாற்ற, அதற்குப் பக்கத்தில் சுமார் 0.1 ஓம் தடை ஒன்றை இணைத்தால் போதும். ஆயிரத்தில் 999 பங்கு மின்னோட்டம் அந்தக் குறுக்கு வழியில் போய்விடும், ஒரு பங்கு மட்டும் சுருளுக்கு வரும். இந்தக் குறுக்கு வழிக்குப் பெயர் ஷண்ட். அதே கருவியை 10 வோல்ட் வரை அளக்கும் வோல்ட்மீட்டராக மாற்ற, 9,900 ஓம் தடையைத் தொடராகச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இடம் மாறினால் என்ன ஆகும்?

வீட்டு 230 வோல்ட் லைனில் 100 வாட் குண்டு பல்பு எரிகிறது. அதன் தடை சுமார் 529 ஓம், அதில் ஓடுவது 0.43 ஆம்பியர். இந்தப் பாதையின் நடுவில், அதாவது அம்மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், 10 லட்சம் ஓம் தடை உள்ள வோல்ட்மீட்டரை மாட்டினால் மின்னோட்டம் 0.00023 ஆம்பியராகச் சுருங்கிவிடும். பல்பு எரியாது. ஆனால் வோல்ட்மீட்டர் கிட்டத்தட்ட 230 காட்டும். வோல்டேஜ் நல்லா இருக்கு, பல்புதான் போச்சு என்று தப்பாக முடிவுக்கு வர வாய்ப்பு இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, வோல்ட்மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.1 ஓம் அம்மீட்டரை மாட்டினால்? ஓம் விதிப்படி 230-ஐ 0.1-ஆல் வகுத்தால் 2,300 ஆம்பியர். லைனின் தடை காரணமாக அவ்வளவு வராது. ஆனால் வருவதே போதும். அது ஷார்ட் சர்க்யூட்தான். நல்ல வேளையாக இருந்தால் பியூஸ் போகும். இல்லாவிட்டால் மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

மூன்றாவது வகைத் தவறு சத்தமில்லாதது. 10 வோல்ட் சப்ளையில் 10,000 ஓம் தடைகள் இரண்டு தொடராக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். 10,000 ஓம் உள்ள வோல்ட்மீட்டரை ஒன்றின் மேல் வைத்தால் அது 3.33 வோல்ட்தான் காட்டும். இணைப்பு சரி, கருவியும் சரி. ஆனால் வோல்ட்மீட்டரே ஒரு புது வழியைத் திறந்து நிலைமையை மாற்றிவிட்டது. அளக்கப் போனவரே அளவைக் கெடுத்த கதை. இன்றைய டிஜிட்டல் மீட்டர்களில் பலவற்றுக்கு உள் தடை 1 கோடி ஓம் அளவில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மாணவியாக வந்தவர்

லண்டனில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் அயர்டன் பாடம் எடுத்தார். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வரும் தொழிலாளர்களும் அங்கே படித்தார்கள். டோக்கியோவில் செய்ததையே இங்கும் செய்தார்: கரும்பலகைக்கு முன் ஆய்வக மேஜை. 1882-ல் அவரும் பெர்ரியும் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார்கள். அதில் சிறிய மின்விளக்குகளும் இருந்தன. இன்றைய இ-ஆட்டோவுக்கு ஒரு கொள்ளுத் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம்.

1883-ல் மாட்டில்டா நோயால் இறந்தார். அயர்டனின் வகுப்பில் மாணவியாகச் சேர்ந்த ஹெர்தா மார்க்ஸை 1885-ல் அயர்டன் மணந்தார். ஹெர்தா அயர்டன் கையில் எடுத்த ஆய்வு ஆர்க் விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே தாவும் அந்த வெளிச்சம் ஏன் சீறுகிறது, ஏன் துடிக்கிறது என்பது அன்று பெரிய தலைவலி. மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வரிசையாக அளந்து பார்த்தார் ஹெர்தா. கார்பனின் சூடான குழிக்குள் ஆக்சிஜன் நுழைவதே சீறலுக்குக் காரணம் என்று காட்டினார். 1899-ல் பிரிட்டனின் மின் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர்.

1902-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி நிலை கிடையாது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். கணவர் அதே சொசைட்டியில் இருபது வருடமாக ஃபெல்லோ. நான்கு வருடம் கழித்து, 1906-ல், அதே சொசைட்டி ஹெர்தாவுக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது.

அயர்டன் ஷண்ட்: இன்றும் இருக்கும் பெயர்

அயர்டன் பெயர் இன்றும் பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் புத்தகங்களில் வருவது ஒரு சின்ன இணைப்பு முறைக்காக. ஒரே அம்மீட்டரில் 10 மில்லி ஆம்பியர், 100 மில்லி ஆம்பியர், 1 ஆம்பியர் என்று பல ரேஞ்ச் வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் தனி ஷண்ட் வைத்து சுவிட்சால் மாற்றலாம். ஆனால், சுவிட்ச் ஒரு ஷண்டை விட்டு அடுத்ததைத் தொடும் அந்தக் கண நேரத்தில் குறுக்கு வழியே இல்லை. முழு மின்னோட்டமும் முடி போன்ற சுருளுக்குள் பாயும். சுருள் காலி.

தாமஸ் மாதர் என்பவரோடு சேர்ந்து அயர்டன் இதற்குத் தீர்வு கண்டார். எல்லாத் தடைகளையும் ஒரே வரிசையாகக் கோத்து, சுருளோடு நிரந்தரமாக வளையம் போல இணைத்தார். சுவிட்ச் மாற்றுவது, மின்னோட்டம் அந்த வளையத்தில் எந்த இடத்தில் நுழைகிறது என்பதை மட்டும்தான். ஷண்ட் ஒரு கணம்கூட விலகாது. சுருளும் எரியாது. முள் வைத்த பல மல்டிமீட்டர்களில் இந்த முறைதான் இருக்கிறது.

மோட்டார் ரூமில் இது எப்படி உதவுகிறது?

மும்முனை மோட்டாரில் வோல்ட்மீட்டர் இரண்டு பேஸ்களுக்கு நடுவே பக்க இணைப்பில் இருக்கும். செலக்டர் சுவிட்சைத் திருப்பினால் மூன்று ஜோடிகளையும் பார்க்கலாம். சாதாரணமாக 415 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு ஜோடியில் முள் சரிந்திருந்தால் பேஸ் பிரச்சினை, மோட்டாரைப் போடக் கூடாது.

அம்மீட்டர் ஒரு பேஸ் கம்பியில் தொடராக இருக்கும். 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் தோராயமாக 7 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். துல்லியமான எண் மோட்டாரின் நேம் பிளேட்டில் இருக்கும். லோ வோல்டேஜில் அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் காயிலில் சூடு 44 சதவீதம் கூடும், ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டால் காயில் கட்டக் கொடுக்க வேண்டியதுதான். அந்த நாட்களில் பயிர் தண்ணீர் இல்லாமல் நிற்கும். இன்னொரு பக்கம், ஆம்ப்ஸ் திடீரென்று வழக்கத்தைவிட இறங்கினால் கிணற்றில் தண்ணீர் வற்றி பம்ப் வெறுமனே சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம்.

கம்பியை வெட்டாமல் ஆம்ப்ஸ் பார்க்க வயர்மேன்கள் வைத்திருப்பது டாங் டெஸ்டர். கம்பியைச் சுற்றிக் கவ்வி, அதன் காந்தப்புலத்தை வைத்து அளக்கும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆம்பியர் பார்த்துவிட்டு சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, பிளக் பாயின்ட்டில் வோல்டேஜ் பார்க்கப் போவது. ஆம்பியர் துளையின் தடை மிகக் குறைவு என்பதால், அது ஷார்ட் வைப்பதற்குச் சமம். டயலை வோல்ட்டுக்குத் திருப்பினால் மட்டும் போதாது, ஒயரையும் மாற்ற வேண்டும். மும்முனை போர்டைத் திறக்கும் வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுவதே நல்லது.

1908-க்குப் பிறகும்

1884-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் மத்திய தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியரானார் அயர்டன். இன்று அது இம்பீரியல் காலேஜின் ஒரு பகுதி. 1892-ல் மின் பொறியாளர் சங்கத்தின் தலைவர், 1901-ல் ராயல் பதக்கம். 1908 நவம்பர் 8-ல் லண்டனில் 61-வது வயதில் இறந்தார். ஹெர்தா 1923 வரை வாழ்ந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

முள் கருவிகளைப் பின்னால் வந்தவர்கள் மேம்படுத்தினார்கள். குறிப்பாக, அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் 1880-களின் இறுதியில் கொண்டுவந்த மீட்டர்கள் அயர்டன் - பெர்ரி மாடலை ஓரம் கட்டின. ஆனால் தொடர், பக்கம் என்ற கணக்கு மாறவில்லை. 1880-களில் அயர்டனும் பெர்ரியும் பெண்டுலக் கடிகாரத்தை மாற்றி, செலவான மின்சாரத்தை அளக்கும் மீட்டர் ஒன்றையும் செய்தார்கள். உங்கள் வீட்டு வாசலில் இருந்த பழைய சக்கர மீட்டரைத் திறந்தால் உள்ளே இரண்டு சுருள்கள் இருக்கும். தடிமனான கம்பியில் சில சுற்று மட்டும் உள்ள ஒன்று லைனோடு தொடராக. மெல்லிய கம்பியில் மிக அதிகமான சுற்றுகள் உள்ள இன்னொன்று லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பக்கமாக. இரண்டும் சேர்ந்து தள்ளும்போதுதான் அந்தச் சக்கரம் சுற்றும், யூனிட் ஏறும்.